தம்பி சொல்வதுபோல் இது திமிரா, நான் நினைப்பதுபோல் தன்மானமா?

வாசகி ஒருவர் 7 பக்கம் கையால் எழுதி அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. 21 வயதில் அப்பாவை இழந்தவர். தம்பிக்கு அப்போது 16. வேலைக்குச் சேர்ந்து, 6 ஆண்டுகள் தன் சம்பளத்தில் பாதியைத் தம்பியின் படிப்புக்குக் கொடுத்திருக்கிறார். ‘அக்கா காசில் படிக்கிறோம் என்று பிள்ளை கூசக் கூடாது’ என்று அம்மாவும் இவரும் பேசிவைத்துக்கொண்டு, அது அப்பாவின் இன்ஷூரன்ஸ் பணம் என்றே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கடந்த ஆண்டு தம்பி சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். தொடக்க விழா மேடையில் மனைவிக்கும் மாமனாருக்கும் பேராசிரியருக்கும் நண்பர்களுக்கும் நன்றி சொன்னார். “அப்பா போன பிறகும் அவர் விட்டுட்டுப் போன பணம்தான் என்னைப் படிக்க வெச்சது” என்றார். அக்கா பெயர் வரவில்லை. இவர் சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டார். 14 மாதமாகப் பேச்சு இல்லை.

அம்மா ‘உனக்கு ரோஷம் ஜாஸ்தி’ என்கிறாராம். கணவர் ‘ரெண்டு பேருக்கும் ஈகோ’ என்கிறாராம். தம்பி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘அக்காவுக்குத் திமிர்’ என்று எழுதிவிட்டு, 10 நிமிடத்தில் அழித்துவிட்டார். ஆனால் இவர் பார்த்துவிட்டார். ‘நான் காப்பது தன்மானம். இனி அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறேன். இந்தச் சொற்களில் எது எனக்குப் பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்’ என்று கேட்கிறார். இதற்கிடையே தம்பியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது: “அம்மாவுக்கு 19-ஆம் தேதி கண் ஆபரேஷன். நீ வந்தா நல்லா இருக்கும்.” போவதா வேண்டாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் பென்சிலோடு படித்தேன். ‘ஆத்திரம்’ என்ற சொல் 9 இடங்களில் வருகிறது. ‘தன்மானம்’ 6 இடங்களில். ஐந்தாம் பக்கத்தின் ஓரத்தில், அடைப்புக்குறிக்குள், கொஞ்சம் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அது வேறு விஷயம்.’ எனக்கு அந்த அடைப்புக்குறிதான் கடிதம். மற்ற 7 பக்கமும் அதைச் சுற்றிக் கட்டிய மதில்.

நீங்கள் சொற்பொருள் கேட்டிருப்பதால் அகராதிப் பக்கமே போவோம். தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் என்று எட்டு உணர்ச்சிகளை வகுத்து, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் சொல்கிறது. வெகுளி, அதாவது கோபம், பிறக்கும் காரணங்கள்: உறுப்பை வெட்டுதல், குடியைக் கெடுத்தல், அலைக்கழித்தல், கொலை. உங்கள் தம்பி இவற்றில் எதையும் செய்யவில்லை. அழுகைக்குச் சொல்லப்படும் காரணங்களைப் பாருங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. முதலில் நிற்பது இளிவு. ஒருவரைப் பொருட்படுத்தாமல் விடுவது, தாழ்த்துவது. அடுத்தது இழவு, வேண்டியதை இழப்பது. அன்று அந்த மண்டபத்தில் உங்களுக்கு நேர்ந்தவை இந்த இரண்டும்தான். அழவேண்டிய இடத்தில் கோபத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டீர்கள். இது உங்கள் குறை இல்லை. 21 வயதில் வீட்டைத் தாங்கத் தொடங்கியவர்களுக்கு அழுவதற்கு நேரம் கிடைப்பதில்லை, கோபப்பட மட்டும் நேரம் கிடைக்கும்.

பெயரை மாற்றிச் சொல்வதால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். 2007-இல் மாத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரின் குழு, கோபமும் பயமும் காட்டும் முகப்படங்களைப் பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. அந்த உணர்ச்சிக்குப் பெயர் பொருத்தும்போது, மூளையில் அபாயமணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதி அடங்கியது. தவறான பெயர் வைத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் பார்க்கவில்லை. என் ஆலோசனை அறையில் நான் பார்க்கிறேன்: வருத்தத்துக்கு ஆத்திரம் என்று பெயர் வைத்தவர்கள், சண்டைபோட ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஆறுதல் சொல்ல வருபவரையும் அந்த ஆளாக ஆக்கிக்கொள்வார்கள்.

உங்கள்மேல் எறியப்பட்ட சொற்கள்

ரோஷம் என்பதற்கு வடமொழியில் கோபம் என்றுதான் பொருள். தமிழுக்கு வந்தபின், அவமதித்தால் சுருக்கென்று தைக்கும் குணத்துக்குப் பெயராகிவிட்டது. ‘ரோஷம் கெட்டவன்’ என்பது வசவு. ‘ரோஷக்காரி’ என்பது பாதி பாராட்டு, பாதி புகார். அம்மா அந்தப் பாதிப் பாராட்டோடுதான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அவர் ஏன் அதற்குமேல் பேசுவதில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

திமிர் என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அதற்கு மரத்துப்போதல் என்றும் ஒரு பொருள் உண்டு. வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் நம்முடையது போலவே இருக்காதே, அது. திமிர்வாதம் என்று நோய்க்கே பெயர் உண்டு. ஆக, திமிர் பிடித்தவர் என்றால் அடுத்தவர் படும் பாடு உறைக்காத அளவுக்கு மரத்துப்போனவர். 14 மாதம் ஒரு வாக்கியத்தை நினைத்து நினைத்துக் குமுறும் ஒருவருக்கு இந்தச் சொல் எந்தப் பக்கத்திலிருந்தும் பொருந்தாது.

ஆனால் நடைமுறையில் இந்தச் சொல் யார்மேல் விழுகிறது என்று கவனித்திருப்பீர்கள். பணிந்து போவார்கள் என்று யாரிடம் எதிர்பார்க்கிறோமோ அவர்கள் பணியாதபோது விழுகிறது. மேலதிகாரி நிமிர்ந்து நடந்தால் மிடுக்கு, கடைநிலை ஊழியர் நடந்தால் திமிர். ஆணுக்கு ரோஷம், பெண்ணுக்குத் திமிர். பாரதியின் புதுமைப்பெண் பாட்டில் வரும் ‘திமிர்ந்த ஞானச் செருக்கு’ என்ற தொடரை எடுத்துக்காட்டி, ‘எனக்கு இருப்பது அதுதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வசவாகக் கிடந்த இரண்டு சொற்களை ஒரே தொடரில் தூக்கி நிறுத்தியவர் அவர், உண்மை. ஆனால் நிலத்தில் யார்க்கும் அஞ்சாத நெறிகளைச் சொன்ன கையோடு வரும் தொடர் அது. நீங்கள் ஒருவருக்கு அஞ்சுகிறீர்கள். தம்பி எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கை நடுங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கணவர் சொன்ன ஈகோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லத்தீனில் ‘நான்’ என்று மட்டுமே பொருள். ஃப்ராய்ட் ஜெர்மனில் சாதாரணமாக ‘நான்’ என்று எழுதியதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ஈகோ ஆக்கினார்கள், நாம் அதைக் கர்வம், செருக்கு, இறுமாப்பு, மமதை, தலைக்கனம் எல்லாவற்றையும் கொட்டிவைக்கும் கோணிப்பை ஆக்கிவிட்டோம். ‘ரெண்டு பேருக்கும் ஈகோ’ என்று சொல்பவருக்கு அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. யாருக்கு என்ன வலித்தது என்று அவர் கேட்க வேண்டியதில்லை. கணவரிடம் நான் சொன்னதாகவே இதைச் சொல்லலாம்.

தன்மானம் உங்கள் சொல். அதை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் சுயமரியாதை என்ற சொல் 1925-இல் ஓர் இயக்கத்தின் பெயராகவே ஆனபோது, பிறப்பின் பெயரால் மேலே நின்றவர்கள் அழுத்தியதை எதிர்த்து நிமிர்வதற்காக ஆனது. தம்பி உங்களுக்கு மேலே நிற்பவர் இல்லையே! நீங்கள் தூக்கி வளர்த்தவர். அவர் மறந்ததால் உங்கள் மானத்தில் கீறல் விழாது. மனதில்தான் விழும். ‘நான் கவரிமான் ஜாதி’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். குறளில் இருப்பது கவரிமான் இல்லை, கவரிமா. மான் அல்ல, பனிமலையில் வாழும் சடைமுடி எருதைத்தான் அது குறிக்கிறது என்று விளக்குவார்கள். இது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் குறளின் இரண்டாம் அடி உயிரை விடுவதைப் பற்றியது என்பதால் நேராகவே கேட்கிறேன்: பேச்சுவாக்கில் எழுதினீர்களா, அப்படி ஓர் எண்ணம் வந்துபோகிறதா? வந்துபோனால், இந்தப் பதிலோடு நிறுத்தாமல் உடனே ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். கணவரிடமும் இன்றே சொல்லுங்கள்.

வைராக்கியம்

இந்தச் சொல்லை நாம் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். ராகம் என்றால் பற்று, அது நீங்கிய நிலை வைராக்கியம். துறவிகளின் சொல். விட்டுவிட்டேன் என்பதுதான் அதன் பொருள், விடமாட்டேன் என்பது இல்லை. பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று கேலி செய்வதுகூட, இவர்கள் உண்மையில் எதையும் விடவில்லை என்பதற்காகத்தான். நீங்கள் தினமும் இரவு தம்பியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்க்கிறீர்கள், அதுவும் நீங்கள் பார்த்தது அவருக்குத் தெரியாமல் இருக்க மகளின் போனில். விழா அழைப்பிதழ் இன்னும் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. இதற்குப் பெயர் வீம்பு, கோபித்துக்கொள்ளாதீர்கள். வீம்பு என்பது பற்று உள்ளவர்களுக்கு மட்டுமே வருவது.

‘ஒருநாள் அவனை நிற்கவைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டால்தான் என் மனசு ஆறும்’ என்கிறீர்கள். ஆறாது. கொட்டித் தீர்த்தால் கோபம் குறையும் என்பது எல்லோரும் நம்புவது. 2002-இல் வெளிவந்த பிராட் புஷ்மனின் ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் கூடியிருந்தது. அம்மா இருக்கும் இடத்தில், தம்பி மனைவி பார்க்க, 17 வருடக் கணக்கைக் கொட்டினால் தம்பி கேட்கமாட்டார். தற்காத்துக்கொள்வார். உங்கள் நியாயம் அவர் காதுக்குப் போகுமுன் உங்கள் குரல் போய்விடும்.

‘அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?’

கடிதத்தில் என்னை உலுக்கிய கேள்வி இது. நீங்கள் பதில் எதிர்பார்க்காமல் எழுதிய கேள்வி. நான் பதில் சொல்கிறேன்: தெரியாமல் இருக்கலாம். தெரியாதபடி செய்தவர்களே நீங்களும் அம்மாவும்தான்.

அவர் மேடையில் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். அப்பா விட்டுப்போன பணம்தான் என்னைப் படிக்க வைத்தது. அவர் உங்களை மறந்திருந்தால் பணத்தைப் பற்றியே பேசியிருக்க மாட்டார். தன்னைப் படிக்க வைத்த பணத்துக்கு அத்தனை பேர் முன்னால் நன்றி சொல்லியிருக்கிறார். விலாசம்தான் தவறு. அந்த விலாசத்தை எழுதிக் கொடுத்தது நீங்கள். அன்று நீங்கள் செய்தது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கூசக் கூடாது என்று மறைத்த ஒன்றை, கூசவில்லையே என்று இன்று குற்றமாகக் கேட்கிறோம். ஒருவேளை உறவினர் யாராவது சொல்லி அவருக்குத் தெரிந்துமிருக்கலாம். தெரிந்தும் அப்படிப் பேசினார் என்றால் உங்கள் வருத்தம் இரட்டிப்பு நியாயம். இரண்டில் எது என்று 14 மாதமாக நீங்கள் கேட்கவில்லை.

அம்மா வாய் திறக்காததும் இதனால்தான் என்று ஊகிக்கிறேன். அன்று மறைத்ததில் உங்களைத் தவிரப் பங்கு உள்ளவர் அவர் ஒருவர்தான். ‘ரோஷம் ஜாஸ்தி’ என்று உங்கள் பக்கம் தள்ளிவிடுவது, மகனிடம் போய் ‘அன்று பொய் சொன்னோம்’ என்று ஒப்புக்கொள்வதைவிட எளிது.

விழா நாளைப் பற்றி எழுதும்போது ஒன்றை நீங்கள் வேகமாகக் கடந்துபோகிறீர்கள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். தம்பி கோட் போட்டு மேடை ஏறியபோது பக்கத்து நாற்காலிக்காரரிடம், அவர் கேட்காமலேயே, ‘என் தம்பி’ என்றீர்கள். தமிழில் அதற்குப் பெயர் பெருமிதம். கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை என்ற நான்கால் பெருமிதம் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். நான்காவது உங்களுடையது. வள்ளுவரோ இந்த ஒரே சொல்லை இரண்டு விதமாக ஆள்கிறார். செருக்கும் சினமும் சிறுமையும் இல்லாதவர்களின் செல்வம் ‘பெருமித நீர்த்து’, அதாவது பெருமிதத்தின் தன்மை உடையது, என்று ஓரிடத்தில் உயர்த்துகிறார், ‘பெருமை பெருமிதம் இன்மை’ என்று இன்னோரிடத்தில் அதையே குற்றமாக்குகிறார். இன்றைய உளவியலில் ஜெஸிகா ட்ரேஸி, ரிச்சர்ட் ராபின்ஸ் இருவரும் பெருமையை இப்படித்தான் இரண்டாகப் பிரிக்கிறார்கள். இதைச் செய்தேன் என்பதிலிருந்து வருவது ஒன்று, நான் இப்படிப்பட்டவள் என்பதிலிருந்து வருவது இன்னொன்று. ‘என் தம்பி’ என்றபோது உங்களுக்கு இருந்தது முதல் வகை. அதற்கு மைக்கில் யாரும் எதுவும் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. 5 நிமிடம் கழித்து வந்த அந்த வாக்கியம் அதையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விட்டது. நீங்கள் துக்கம் கொண்டாட வேண்டியது அதற்காக.

ஆக, நீங்கள் கேட்ட சொல்லுக்கு என் பதில்: மனத்தாங்கல். தன்மானமும் இல்லை, திமிரும் இல்லை. முன்பின் தெரியாதவர் மேல் நமக்குக் கோபம் வரும், மனத்தாங்கல் வராது. உரிமை உள்ள இடத்தில்தான் வரும். உறவு முறிந்துவிட்டால் அந்தச் சொல்லுக்கே இடமில்லை. தன்மானப் பிரச்சினை என்றால் ஒருவர் ஜெயிக்க வேண்டும், இன்னொருவர் இறங்கி வர வேண்டும். மனத்தாங்கலைச் சொன்னால் போதும், கேட்டால் போதும்.

19-ஆம் தேதிக்கு

போங்கள். அம்மாவுக்காகப் போங்கள். தம்பியின் குறுஞ்செய்தி மன்னிப்பு இல்லை, அதை மன்னிப்பாக வாசிக்க வேண்டாம். ஆனால் ‘வரணும்’ என்று எழுதாமல் ‘வந்தா நல்லா இருக்கும்’ என்று எழுதியிருக்கிறார். அவருக்கும் கை நடுங்கியிருக்கலாம். அன்று மருத்துவமனையில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவர் எடுத்தாலும், ‘அப்புறம் பேசலாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அம்மாவுக்குக் கொஞ்சம் தேறியதும் முதலில் அவரிடம் பேசுங்கள். ரகசியத்தில் அவருக்கும் பங்கு இருப்பதால் அவருக்குத் தெரியாமல் உடைக்கக் கூடாது. அனுமதி கேட்கச் சொல்லவில்லை, முன்கூட்டித் தெரிவிக்கச் சொல்கிறேன். தடுத்தால், ‘இன்னும் எத்தனை வருஷம் நான் மட்டும் ரோஷக்காரியா இருக்கறதும்மா?’ என்று கேளுங்கள்.

பிறகு தம்பியிடம், நேரில், தனியாக. வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம், குரல் இல்லாத எழுத்தில் எல்லாமே குற்றச்சாட்டாகத் தெரியும். இப்படித் தொடங்கலாம்: “அன்னிக்கு நீ மேடையில அப்பா பணம்னு சொன்னப்போ எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சுடா. ஏன்னு சொல்றேன். நானும் அம்மாவும் உன்கிட்ட ஒண்ணை மறைச்சிருக்கோம்.” ‘நீ’ என்று தொடங்கிக் குற்றம் சொல்லாமல், உங்கள் வருத்தத்தையும் உங்கள் பங்கையும் முதல் மூச்சிலேயே வைக்கிறோம். தொகையைச் சொல்லாதீர்கள். தொகை வந்ததும் அது ரசீது ஆகிவிடும். பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று கணவர் சொல்வதும் இந்தப் பேச்சில் நுழையக் கூடாது. கடனாகக் கொடுக்காததை இத்தனை வருடம் கழித்துக் கடனாக மாற்றினால், நீங்கள் கொடுத்ததும் போய்விடும்.

இதில் ஆபத்தும் உண்டு. இத்தனை வருடம் தன்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம் வரலாம். பேராசிரியர், மாமனார் எல்லோருக்கும் முன்னால் தவறாகப் பேசவைத்துவிட்டீர்களே என்று கூசலாம், அந்தக் கூச்சம் கடுஞ்சொல்லாக வெளிவரலாம். அன்று பதில் வாங்காமலே எழுந்து வாருங்கள். ஒரு வாரமோ ஒரு மாதமோ அவருக்கு அவகாசம் தேவை. எல்லாம் தெரிந்த பிறகும் ‘திமிர்’ என்றே சொல்வாரானால், விலகி இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அன்று நீங்கள் எடுக்கும் முடிவைத் தன்மானம் என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

‘தம்பி’ என்று இருந்ததை அழித்துவிட்டு, இனிஷியலோடு அவருடைய முழுப்பெயரை போனில் பதிந்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை இப்போது மாற்ற வேண்டாம். பேசிவிட்டு வந்த அன்று இரவு கை எந்தப் பெயரைத் தட்டுகிறது என்று பார்த்து, முடிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.